காதில் ஒரு விரல்

டிவி நேர்காணலில் கேள்வி கேட்பதற்கு முன் சௌந்தரபாண்டியன் தலையைச் சற்றுச் சாய்த்து, வலது காதில் ஒரு விரலை வைத்துக்கொள்வார். தேர்தல் தேர்தலாக அவரைப் பார்த்துவந்த நேயர்கள் அவர் யோசிக்கிறார் என்று நம்பினார்கள். பலகுரல் கலைஞர்கள் அதையே மேடையில் செய்து கைதட்டல் வாங்கினார்கள். அந்தக் காதில் செருகிய சின்ன ஒலிக்கருவி வழியே கண்ட்ரோல் ரூமிலிருந்து புரொடியூசர் ஜெசிந்தா பேசிக்கொண்டிருப்பாள். அமைச்சர் வரும்போதெல்லாம் இவர் இடிந்துபோன பாலத்தைப் பற்றிக் கேட்க வாயெடுப்பார். "சார், அது வேணாம், அடுத்ததுக்குப் போயிடுங்க" என்பாள். போய்விடுவார். வீட்டுக்கு வந்து அவளைத் திட்டிக்கொண்டே சாப்பிடுவார்.

இன்றும் நேரலைதான். "அந்தப் பாலம்..." என்று ஆரம்பித்து விரலைக் காதுக்குக் கொண்டுபோனார். குரல் வரவில்லை. இன்னும் அழுத்தினார். மெல்லிய இரைச்சல் மட்டும் கேட்டது. அமைச்சர் தண்ணீர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "சொல்லுங்க, பாலத்துக்கு என்ன?" என்றார். ஏசி குளிரிலும் இவருக்கு முகப்பவுடருக்கு அடியில் வியர்வை இறங்கியது.

"ஒரு சிறிய இடைவேளைக்குப் பிறகு தொடரலாம்" என்றார் சௌந்தரபாண்டியன்.

விளம்பரம் ஓடத் தொடங்கியதும் காதுக்குள் ஜெசிந்தா வந்தாள். "இப்ப பிரேக்கே இல்லையே சார். இன்னிக்காவது கேட்ருவீங்கன்னுதான் நான் வாயே திறக்கல. இங்க நாங்க எல்லாரும் எந்திரிச்சு நின்னுட்டிருந்தோம்."

சற்று நேரத்தில் அவள், "லைவ் வரோம் சார்" என்று சொல்லிவிட்டு, பத்திலிருந்து கீழே எண்ணினாள். கேமராவில் சிவப்பு விளக்கு எரிந்தது. காது மறுபடியும் அமைதியானது.