சரித்திரத்தில் பதினெட்டு

அன்று கூடத்தில் இருந்தவர்கள் ஜீவரத்தினம், மனைவி ரத்தினபாய், மகள் யூனிஸ், பேப்பர் இரவல் வாங்க வந்த மாணிக்கவேல். மாணிக்கவேல் போன வாரம்தான் பொழிச்சலூரிலிருந்து தாம்பரத்துக்கு, எதிர்வீட்டுக்குக் குடிவந்தவர்.

யூனிஸ் ரிப்போர்ட்டை நீட்டினாள். சரித்திரத்தில் பதினெட்டு மார்க். கீழே சிவப்பு மையில், "பெற்றோர் நேரில் வரவும்."

"மூணு தலைமுறையா நம்ம குடும்பத்துல யாரும் ஃபெயிலானதில்ல. நான் கையெழுத்துப் போடமாட்டேன்" என்றார் ஜீவரத்தினம். "இத்தாலிய ஒண்ணாக்கினது யாருன்னு எழுதின?"

"பிஸ்மார்க்குன்னு."

"புள்ளைய ஏன் சார் திட்றீங்க?" என்றார் மாணிக்கவேல். "வாத்தியார் கிளாஸ்ல தூங்கியிருப்பாரு. அந்த ஆளப் போயி நாலு கேள்வி கேளுங்க."

ஜீவரத்தினத்தின் காது சிவந்தது. ரத்தினபாய் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

"அப்பா, வாத்தியார் கையெழுத்து நீங்க போட்டதுதானே? பக்கத்துலயே இன்னொண்ணு போட்டா என்ன?" என்றாள் யூனிஸ்.

"அங்க நான் வாத்தியார், இங்க தகப்பன். ரெண்டும் ஒரு பேனாவுல நடக்காது."

மாணிக்கவேல் பேப்பரை மறந்து வீட்டுக்குப் போய்விட்டார்.

ஜீவரத்தினம் மகளுக்கு மார்க்கைக் கூட்டிப் போட்டதாகத் தாம்பரத்தில் ஒரு பேச்சு உண்டு. அது பொய். பதினெட்டு பதினெட்டாகவே இருந்தது. கையெழுத்துப் போட்டு, திங்கட்கிழமை பள்ளிக்கூடத்துக்கு நேரில் போய் வாத்தியாரை நாலு கேள்வி கேட்டு வந்தவள் ரத்தினபாய்.