குட்டையில் இறங்கிய கார்

மாப்பிள்ளையின், நைட்ரோ எரிபொருளில் ஓடும் ரிமோட் காரைத் திருட்டுத்தனமாக எடுத்துப்போய் மழைக்குட்டையில் இறக்கிவிட்டார் சிதம்பரநாதன். கார் நம்மைப் பார்த்துத் திரும்பி வரும்போது ரிமோட்டின் வலது இடதாகிவிடும் என்பது, காலமெல்லாம் பஸ் ஓட்டியவருக்குத் தெரியவில்லை. இன்ஜினுக்குள் தண்ணீர். ஸ்டார்ட்டர் கயிற்றை இழுத்தார், வரவில்லை. காரைக் காலால் மிதித்துக்கொண்டு பலம்கொண்ட மட்டும் இழுத்தார். உள்ளே ஏதோ கடக் என்றது. “கல்யாணமான ஆளுக்குப் பொம்மைக் கார் ஒரு கேடா?” என்று தெருவெல்லாம் சொல்லிச் சிரித்த அவர் வாய் உலர்ந்துபோயிற்று.

அந்த வீட்டில் மாமனாரும் மாப்பிள்ளையும் நேருக்கு நேர் பேசுவதில்லை. எல்லாம் மகள் பொற்கொடி வழியாகத்தான்.

“பொற்கொடி, இந்த மாதிரி கார்ல தண்ணி போனா கெட்டுப்போகுமான்னு சும்மா கேளு” என்றார் சாயங்காலம், மின்விசிறியைப் பார்த்து.

“சும்மாவா? வேட்டியெல்லாம் சேறா இருக்கேப்பா.”

மாப்பிள்ளை காரை மடியில் வைத்து, இன்ஜினைத் திறந்து வெகுநேரம் பார்த்தார். பிறகு முதல் தடவையாக, மனைவி பக்கம் திரும்பாமல் மாமனாரைப் பார்த்தே சொன்னார்.

“தண்ணியால கெடல மாமா. பிளக்கைக் கழட்டிக் காரைத் தலைகீழாப் பிடிச்சிருந்தா வடிஞ்சிருக்கும். தண்ணியோட கயித்தை இழுத்தீங்க பாருங்க, அதுலதான் இன்ஜினுக்குள்ள இருக்கிற ராடு வளைஞ்சுபோச்சு. அடுத்த தடவை இழுக்காதீங்க. என்னைக் கூப்பிடுங்க.”