கடைசி ஃப்ளொப்பி

ஓடாத கம்ப்யூட்டரையும் ஓடுமெண்டு விற்கக்கூடிய ஆள், வெள்ளவத்தைக் கடைக்காரர் நாகேந்திரம்.

"இந்தப் பழசை விடுங்கோ அக்கா. மலிவா நல்லதொண்டு தாறன்."

"வேண்டாம் தம்பி," என்றாள் சிவக்கொழுந்து. "வெள்ளை வானில வந்து பிடிச்சுக்கொண்டு போன என்ர பிள்ளை திரும்பி வந்தா இதைத்தான் தேடுவான். அதே பழைய விண்டோசைப் போடுங்கோ."

நாகேந்திரம் ஃப்ளொப்பிகளை ஒவ்வொன்றாகப் போட்டார். அடுத்ததைப் போட்டு என்டரை அழுத்தச் சொல்லித் திரை கேட்கும். அவர் விரல் போகமுதலே என்டர் தானாக அமுங்கி எழும்பியது. வேறு கீபோர்ட் பூட்டினார். அதிலும் அமுங்கியது.

"அவனுக்கு எப்பவும் அவசரம்," என்றாள் தாய்.

கடைசி ஃப்ளொப்பியை எடுத்த அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"முடிஞ்சா எழும்பிப் போயிடுவான் தம்பி."

நாகேந்திரம் அதை மேசையில் வைத்தார். பக்கத்துக் கடைக்கு எட்டிக் குரல் கொடுத்து, மூன்று பிளேன்டீ சொன்னார்.