கீறல் விழாத அத்தியாயம்

வீட்டுக்குள் வந்த பத்ரி நேராக சோபாவில் போய் உட்கார்ந்து, இரண்டு கன்னங்களையும் விரலால் தடவித் தடவிப் பார்த்தார். கன்னம், தாடை, மோவாய் எங்குமே ஒரு கீறல்கூட இல்லை.

"போச்சு விஜி. எல்லாம் போச்சு" என்றார்.

அவர் மனைவி விஜயலட்சுமி கிச்சனிலிருந்து எட்டிப் பார்த்தாள். "முகம் பளபளன்னுதானே இருக்கு? நாளைக்கு ஸ்ரீதேவியைப் பொண்ணு பாக்க வாஷியிலேர்ந்து வரா. போன தடவை வந்தவா உங்க மூஞ்சியில நாலு பிளாஸ்திரியைப் பாத்துட்டு, 'மாமா அடிதடிக்காரரோ'ன்னு விசாரிச்சாளே, ஞாபகம் இருக்கோன்னோ?"

பத்ரி யாரையும் அடித்ததில்லை. நகைச்சுவைத் தொடர்கதை எழுதுகிறவர், அவ்வளவுதான். எழுதினால் போதுமா, அச்சுக்குப் போகும் முன் யாராவது சிரித்துக் காட்ட வேண்டாமா? விஜயலட்சுமி சிரிக்க மாட்டாள். முப்பது வருஷமாக அந்த ஜோக்குகளோடு குடித்தனம் நடத்துகிறவள். மகள் ஸ்ரீதேவி மும்பையிலேயே படித்தவள், தமிழை எழுத்துக் கூட்டி முடிப்பதற்குள் ஜோக் ஆறிப்போய்விடும்.

மிச்சம் இருந்தது தாராவியில் சலூன் வைத்திருக்கும் சுடலைக்கண்ணன்தான். திருநெல்வேலிப் பக்கம் அப்பாவின் சலூன் பெஞ்சில் கிடந்த வாரப் பத்திரிகைகளை அட்டை முதல் அட்டை வரை படித்தே வளர்ந்தவர். பத்ரிக்கும் எழுத்தாசை பிடித்தது அப்படி ஒரு பெஞ்சில்தான். அதனால் ஊரில் எந்த விமர்சகரையும்விட அவர் மேல் மரியாதை அதிகம்.

அத்தியாயம் முடிந்ததும் பத்ரி அதைத் தன் குரலிலேயே வாசித்து போனில் பதிந்துகொள்வார். சலூனில் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, கண்ணை மூடிச் சாய்ந்து, போனை ஓடவிடுவார். ஜோக் எடுபட்டால் சுடலைக்கண்ணன் குலுங்கிச் சிரிப்பார், கத்தி வழுக்கும், கன்னத்தில் ஒரு கீறல் விழும். சாதாரண அத்தியாயத்துக்கு இரண்டு கீறல் நிச்சயம். ஒரு தடவை நாலு விழுந்தது, அந்த வாரம் வாசகர்கள் பத்திரிகை ஆபீஸுக்கு போன் போட்டே மாய்ந்து போனார்கள். ஒன்றுமே விழாதது இன்றைக்குத்தான்.

"சிரிப்புச் சத்தமே வரலை விஜி. அதோட விட்டாரா? கதை ஓடறச்சே நடுநடுவுல கத்தியை வெச்சுட்டுக் குழாயடிக்குப் போயிண்டே இருந்தார். அஞ்சாறு தரம் இருக்கும். அவ்வளவு போரடிச்சிருக்கு."

"அவருக்குப் பல்வலியா இருக்கும்" என்றாள் விஜயலட்சுமி, புருஷன் முகத்தைப் பார்க்காமல்.

"அவருக்குப் பல்வலி இல்லை. எனக்குத்தான் சரக்கு தீந்துபோச்சு."

பத்திரிகை ஆசிரியர் ஜம்பு முந்தாநாளே சென்னையிலிருந்து கறாராகச் சொல்லிவிட்டிருந்தார். மூன்று வாரமாகத் தொடர் தொங்குகிறது, இந்த அத்தியாயத்திலும் சிரிப்பு வராவிட்டால் அதோடு 'முற்றும்' போட்டுவிடலாம் என்று. நாலு மணிக்குள் அனுப்ப வேண்டும். மணி மூன்றேகால்.

பத்ரிக்குக் கண் கலங்கியது. முப்பத்தைந்து வருஷம் ஆபீஸில் ஃபைல் பார்த்தது வயிற்றுப்பாட்டுக்கு. எழுதியது ஒன்றுதான் தனக்கென்று செய்தது. அதுவும் இல்லை என்றால் நாளைக் காலையில் எழுந்து என்ன செய்வது என்றே அவருக்குத் தெரியவில்லை.

"ஜம்புவுக்கு போன் பண்ணி நானே முடிச்சுக்கறேன்னு சொல்லிடறேன். அவரா நிறுத்தறதைவிட அது கௌரவம்."

"அவசரப்படாதேங்கோ." கரண்டியைப் பிடித்திருந்த விஜயலட்சுமியின் கை அப்படியே நின்றது. "ஒரு வாய் காபி சாப்பிட்டுட்டுப் பண்ணுங்கோளேன்."

பத்ரி கேட்கவில்லை. போனை எடுத்து ஜம்புவின் பெயரைத் தேடினார். எழுத்தெல்லாம் கலங்கலாகத் தெரிந்தது. மூக்குக் கண்ணாடியைச் சலூனிலேயே விட்டுவிட்டு வந்தது அப்போதுதான் உறைத்தது.

அழைப்பு மணி அடித்தது. விஜயலட்சுமி கதவைத் திறந்தாள். சுடலைக்கண்ணன் நின்றுகொண்டிருந்தார். வலது கையில் பத்ரியின் கண்ணாடி. இடது கையில் சலூன் துண்டைச் சுற்றியிருந்தார்.

"மறந்து வச்சிட்டு வந்துட்டிய சார்."

"கண்ணாடி கெடக்கட்டும். உண்மையைச் சொல்லுங்கோ சுடலை. ஒரு எடத்துலகூடவா சிரிப்பு வரலை? மாமனார் மாப்பிள்ளையோட லிஃப்டுல மாட்டிண்டு, சம்பந்தி சண்டையை அங்கேயே போட்டு முடிக்கறாரே, அந்த எடத்துலகூடவா?"

லிஃப்ட் என்றதும் சுடலைக்கண்ணனின் உதடு துடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு விஜயலட்சுமியைப் பார்த்தார். அவள் சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பி, மாட்டுங்கா ஸ்டேஷனை இன்றைக்குத்தான் கட்டினார்கள் என்பதுபோல் உற்றுப் பார்க்க ஆரம்பித்தாள்.

"மன்னிச்சிருங்க மாமி, இனியும் மறைச்சா எனக்குச் சோறு இறங்காது" என்றவர் பத்ரியிடம் திரும்பினார். "நேத்து மாமி கடைக்கு வந்தாவ சார். பொண்ணு பாக்க வாராவ, சிரிக்கக் கூடாது, கன்னத்துல ஒரு கீறல் விழக் கூடாதுன்னு வாக்கு வாங்கிட்டுப் போயிட்டாவ. சிரிப்பை எப்படியோ அடக்கிட்டேன். கை அடங்கல."

பத்ரி கண்ணாடியை வாங்கி மாட்டிக்கொண்டார். சுடலைக்கண்ணன் துண்டை அவிழ்த்து இடது கையை நீட்டினார்.

"கத்தி வழுக்கும்போதெல்லாம் என் விரலைக் குறுக்க குடுத்துட்டேன் சார். எண்ணிப் பாருங்க, ஆறு."