இரண்டு மெட்டி

ஏழு வயதிலிருந்து இன்சுலின் போட்டுக்கொள்ளும் நறுமுகையின் உடலுக்குப் பின்னால் என்னென்ன வரும் என்று முன்கூட்டியே சொல்லும் ரத்தப் புரத அறிக்கையை நிச்சயதார்த்தத்தன்றே சபையில் வாசித்திருந்தார்கள். கண்ணும் சிறுநீரகமும் தப்பிவிடும். இடது பாதத்தை மட்டும் முப்பத்தாறு வயதில் எடுக்க வேண்டிவரும்.

முகூர்த்தத்தில் இளமாறன் அவள் வலது காலை அம்மிமேல் வைத்து மெட்டி போட்டான். இடது காலுக்காகக் குனிந்தபோது அவன் அம்மா தணிந்த குரலில் சொன்னாள்.

"அதையும் வலது கால்லயே போட்டுடுப்பா. போட்ட மெட்டியப் பின்னாடி கழட்டுறது நல்லதில்ல."

அவன் ஒரு நொடி தயங்கினான். பிறகு அதே விரலில் இரண்டாவதையும் போட்டான்.

அருந்ததி பார்க்க வாசலுக்கு நடந்தபோது வலது காலில் இரண்டு மெட்டிகளும் உரசி ஒலித்தன. மருதாணி சிவந்திருந்த இடது கால், தரையின் குளிர்ச்சியை நன்றாகவே உணர்ந்தபடி, சத்தமில்லாமல் கூடவே வந்தது.