ரிட்டர்ன் டிக்கெட்

சுற்றுலா விசாவில் கூலி வேலைக்கு வந்த இருளப்பனையும் சேதுக்காளையையும் விமான நிலையத்தில் ஓர் அறைக்குள் உட்கார வைத்திருந்தார்கள். "ரிட்டர்ன் டிக்கெட் இல்லாதவன் வந்த பிளைட்லயே திரும்பணும். பத்து நிமிஷத்துல எடுத்து வைங்க" என்று சொல்லிவிட்டுத் தமிழ் அதிகாரி கண்ணாடிச் சன்னலின் திரையை இழுத்துவிட்டார். இருவரிடமும் இருந்தது, கிளம்பும்போது ஏஜெண்ட் திணித்த ஒரே ஒரு தாள். அதிலிருந்த இங்கிலீஷ் இருவருக்கும் வாசிக்கத் தெரியாது.

"எங்கையிலதானடா குடுத்தான், விடுறா!" என்று தாளைப் பிடித்து இழுத்தான் இருளப்பன்.

"ஒங்கப்பன் வீட்டு டிக்கெட்டாடா?" என்று சேதுக்காளை அவன் மணிக்கட்டைக் கடித்தான்.

திரும்பிப் போனால் ஊரில் தலைகாட்ட முடியாது. இருளப்பன் சேதுக்காளையின் முடியைப் பிடித்துத் தலையை நாற்காலியின் இரும்புக் கையில் மோதினான். அவன் தாளை விடவில்லை. இருளப்பன் மறுபடி மோதினான். விரல்கள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன.

திரை விலகியது. இருளப்பன் ரத்தத்தைச் சட்டையில் துடைத்துவிட்டுத் தாளை நீட்டினான். அதிகாரி நிதானமாக வாசித்தார்.

"ரெண்டு பேருக்கும் சேத்துப் போட்ட டிக்கெட்டுய்யா இது. ரெண்டு பேரும் வந்து நின்னு, திரும்பிப் போயிருவோம்னு வாயால சொன்னாத்தான் செல்லும்."

இருளப்பன் தரையில் கிடந்தவனின் அக்குளில் கைகொடுத்துத் தூக்கி நிறுத்தினான். தலை அவன் தோளில் சாய்ந்தது.

"மாப்ள, திரும்பிப் போயிருவோம்னு சொல்லு" என்றான். "ஒரே ஒரு வாட்டி சொல்லுடா."