மூன்றாவது கிண்ணம்

"மூணாவது கிண்ணமும் போச்சா?"

பெமிலா போட்ட சத்தத்தில் லேப் அட்டெண்டர் குமாரதாஸ் தலையைத் தொங்கப் போட்டார். அவர் காலடியில் பீங்கான் கிண்ணம் சுக்கு நூறாகக் கிடந்தது.

"கை வழுக்கிட்டு, மக்ளே."

"பத்து நாளைக்குள்ள மூணு தடவையா வழுக்கும்?"

ஈயம் கலக்காத பீங்கான்தான் பெமிலாவின் பிஎச்.டி. ஆராய்ச்சி. பொடியை வில்லையாக அழுத்தி, கிண்ணத்தில் வைத்து ஃபர்னஸில் சுட வேண்டும். ஆயிரத்து ஐம்பது டிகிரியில் சுட்ட வில்லையை மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் உள்ளே எங்கும் ஓட்டை. ஆயிரத்து நூற்றைம்பதில் துகள்கள் கண்டபடி வீங்கிக் கிடந்தன. நடுவே ஆயிரத்து நூறில் கச்சிதமாக நெருங்கி உட்காரும் என்று நம்பினாள். அந்த ஒன்றுதான் பாக்கி.

அதற்குள் அவளிடமிருந்த கிண்ணம் விரிசல் விட்டது. கைடு ஞானதாசன், பழைய அலமாரியில் மூன்று கிண்ணம் இருப்பதாகச் சொல்லி, எடுத்துத் தரும்படி குமாரதாஸிடம் சொன்னார். அவள் கைக்கு ஒன்றுகூட வந்து சேரவில்லை.

வியாழக்கிழமை திருவனந்தபுரத்தில் மைக்ராஸ்கோப்புக்கு முறை. தவறினால் மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். இப்போதே அவளுக்கு ஐந்தாம் மாதம். பிள்ளை பிறந்தபின் படிப்பாவது ஒன்றாவது என்று மாமியார் சொல்லியாகிவிட்டது.

அழுகையும் ஆத்திரமுமாக ஞானதாசனிடம் போய் நின்றாள்.

"வேணும்னே உடைக்காரு, சார்."

தற்காலிக வேலைதானே, மதியமே குமாரதாஸின் சீட்டைக் கிழித்துவிட்டார்கள். அவர் டிபன் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தார்.

உடைந்ததை அள்ளப் போன பெமிலா, ஒரு துண்டைத் திருப்பிப் பார்த்தாள். உட்புறம் மஞ்சள் கறை. குப்பைத் தொட்டியில் கிடந்த முந்தைய துண்டுகளிலும் அதே கறை.

அவளுக்குப் புரிந்தது. முன்பு யாரோ ஈயப் பீங்கான் சுட்ட கிண்ணங்கள். ஃபர்னஸ் சூட்டில் அந்தக் கறை ஆவியாகி வில்லையில் ஏறும். பக்கத்தில் நிற்பவள் மூச்சிலும் ஏறும்.

குமாரதாஸுக்குப் போன் போட்டாள்.

"அண்ணாச்சி, ஈயம்னு தெரிஞ்சுதான் உடைச்சீங்களா?"

பஸ் இரைச்சலுக்கு நடுவே அவர் குரல் வந்தது.

"சாருகிட்ட ரெண்டு தடவ சொன்னேன், மக்ளே. கழுவி வச்சாச்சு, உம்ம வேலையப் பாரும்னுட்டாரு."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லப்பிடாதா?"

"குளச்சல்ல இருக்கும்போ, மீன் வலைக்குக் கெட்டுற ஈயக்குண்டு நான் வீட்டு அடுப்புலதான் உருக்கி ஊத்துவேன். எனக்க வீட்டுக்காரி பூங்கனி பக்கத்துலயே இருப்பா. ஆறாம் மாசம் பிள்ள வயித்துலயே போச்சு. ஈயப் புகையாத்தான் இருக்கும்னு டாக்டர் சொன்னாரு. அடுத்த பிள்ள உண்டானப்ப, ஈயம்ங்குற பேரக் கேட்டாலே அவளுக்கு உறக்கம் இல்ல, சோறு இறங்காது. வயித்துல பிள்ளையோட நிக்குற உங்கிட்ட அத எப்பிடிச் சொல்லுவேன்?"



"நான் சாருகிட்ட பேசுதேன், அண்ணாச்சி. உங்க வேலை..."

"அது போட்டும், மக்ளே. அலமாரில இருந்ததே மூணுதான். மூணையும் உடைச்சிட்டுத்தானே வந்திருக்கேன்."